எல்லை காத்த பிரபு

போர்க்களத்தில் வீரம் காட்டியவன் நாடாளும் பொறுப்பையும் நன்கு நிறைவேற்றுவான் என்று மக்கள் எண்ணுவது எக்காலத்தும் உள்ள வழக்கம். பகைவனுக்கு அஞ்சாதவன் வேறெவர்க்கும் அஞ்சமாட்டான் என்பதே அவ்வெண்ணத்தின் அடிப்படை. ஆயினும் வள்ளுவர் செங்கோன்மையை அரசியலில் வைத்து, படையின் பெருமையைக் கூறும் அதிகாரங்களை அங்கவியலிற்கு ஒதுக்கினார். வாளேந்தும் கைக்கும் கோலேந்தும் கைக்கும் வேண்டிய ஆற்றல்கள் வெவ்வேறு என்பதை அப்பெருந்தகை உணர்ந்திருந்தார் போலும். அந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாகக் காட்டியது வட அயர்லாந்தை 20 ஆண்டுகள் ஆண்ட ஒரு பிரதம மந்திரியின் வாழ்க்கையாகும். சேர் பசில் புரூக் என்று அரசியலிற் புகுந்து, புரூக்பரோ பிரபு என்று மறைந்தவர் அவர்.

அயர்லாந்து என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது டி வலேராவின் பெயரும், ஆங்கிலேயரை எதிர்த்து அந்நாட்டார் நடத்திய விடுதலைப் போராட்டமுமே. பிரித்தானியாவை விட்டுப் பிரியமாட்டோம் என்று அதே தீவில் அதே உறுதியோடு நின்ற மற்றொரு கூட்டத்தாரைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. முடியையும் பாராளுமன்றத்தையும் பிரித்தானியாவோடு ஒன்றாகவே வைத்திருக்க வேண்டுமென்ற அவர்களை ஐக்கியவாதிகள் என்பர். அவர்களிற் பெரும்பாலார் புரட்டஸ்தாந்தர்; தீவின் வடகிழக்கிலுள்ள அல்ஸ்ரர்ப் பகுதியிற் செறிந்து வாழ்ந்தவர். அவர்களுடைய தலைவர்களுள் மிக நீண்ட காலம் ஆட்சியில் இருந்தோர் இருவர். முதலாவது பிரதம மந்திரியாகிய கிரேகாவன் பிரபு ஒருவர், புரூக் மற்றவர்.

போர்க்குலம்

பசில் புரூக் 1888ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆம் திகதி பெர்மனா மாவட்டத்திலுள்ள கோல்புரூக் என்னும் பரம்பரை மாளிகையிற் பிறந்தார். பெர்மனா ஏரிகளும் புல்வெளிகளும் நிறைந்த அழகிய நாடு. புரூக் குடும்பத்தார்க்கு அங்கே நிலம் கிடைத்த வரலாறு அழகியதன்று. 1641ஆம் ஆண்டிலே கத்தோலிக்க ஐரிஷ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இவர்தம் முன்னோராகிய ஹென்றி புரூக் ஆங்கில அரசின் சார்பில் டொனிகோலைக் காத்து நின்றார். அச்சேவைக்கு ஈடாக, கிளர்ச்சியிற் சம்பந்தப்பட்டுத் தண்டிக்கப்பட்ட மக்குவயர்ப் பிரபுவின் நிலத்தில் ஒரு பகுதி அவர் குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. ஆகவே கோல்புரூக் மாளிகையின் ஒவ்வொரு தலைமுறையும், தாம் காத்துப் பெற்ற மண்ணை மீண்டும் காக்கவேண்டி வரும் என்ற எண்ணத்தோடேயே வளர்ந்தது. சுற்றிலும் வாழ்ந்த கத்தோலிக்கரோ, அம்மண் தம் முன்னோரிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற நினைவோடு வளர்ந்தனர். இவ்விரு நினைவுகளும் ஒரே ஊரில் அயல் வீடுகளிற் குடியிருந்தன என்பதை மனத்திற் கொண்டாலன்றி, இவர் வாழ்க்கை நமக்கு விளங்காது.

புரூக் குடும்பம் போர்வீரரை ஈன்ற குடும்பம். இரண்டு மகாயுத்தங்களிலும் முறையே 26 பேரும் 27 பேரும் அக்குடும்பத்திலிருந்து படைக்குச் சென்றனர்; அவர்களுள் 12 பேர் உயிரிழந்தனர். இரண்டாம் மகாயுத்தத்திற் பிரித்தானியப் படைத்துறையின் தலைமை அதிகாரியாயிருந்து, சேர்ச்சிலுக்கு வலக்கை போல் விளங்கிய அலன்புரூக் பிரபு, பசிலின் சிறிய தந்தை. வயதில் இருவருக்கும் ஐந்தாண்டே வேறுபாடு.

பசில் வின்செஸ்ரர்ப் பாடசாலையிலும் பின்னர் சாண்ட்ஹேர்ஸ்ற் இராணுவக் கல்லூரியிலும் பயின்றார். 1907ஆம் ஆண்டில் தந்தையார் இறக்கவே, 19 வயதில் ஐந்தாவது பரோனெற்றாகப் பட்டமும் பண்ணையும் அவரிடம் வந்தன. எனினும் படைவாழ்க்கையையே அவர் விரும்பினார். 1908இல் றோயல் பியூசிலியர்ஸ் படையிற் சேர்ந்து, 1911இல் பத்தாவது ஹுசார்க் குதிரைப்படைக்கு மாறினார். 1914இல் மூண்ட யுத்தத்தில் அவர் காட்டிய வீரத்துக்காகப் பிரித்தானிய அரசு மிலிற்றரி குறொஸ் பதக்கத்தையும், பிரெஞ்சு அரசு குருவா த கேர் பதக்கத்தையும் வழங்கின. பதக்கங்களைப் பற்றிப் பேசித் திரியும் இயல்பு அவருக்கு இருந்ததில்லை. எளிமையாகப் பழகுபவர், வேட்டையிலும் மீன்பிடியிலும் கமத்திலும் நாட்டமுள்ளவர், ஊரிலுள்ள சிறு கமக்காரனோடும் நின்று பேசுபவர். இக்குணங்கள் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அநீதி எப்போதும் கொடிய முகத்தோடுதான் வரும் என்று நம்பியிருப்போர்க்கு இவர் வாழ்க்கை ஒரு பாடம்.

பெர்மனாவின் இரவுகள்

1919இல் அவர் சிந்தியா சேர்ஜிசன் என்னும் மங்கையை மணந்தார். 1920இற் கப்டன் பதவியோடு படையை விட்டு விலகிக் கமஞ்செய்யும் நோக்கோடு ஊர் திரும்பினார். ஆனால் அவர் விட்டு வந்த யுத்தம் அவருக்கு முன்னரே ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஐரிஷ் குடியரசுப் படையினர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர்; இரவில் வீடு வீடாகச் சென்று துப்பாக்கிகளைக் கவர்ந்தனர். கிராமப்புறப் பொலிஸ் நிலையங்கள் பல கைவிடப்பட்டன. அரசு தம்மைக் காக்காது என்ற அச்சம் புரட்டஸ்தாந்தக் குடிகளைப் பற்றிக் கொண்டது.

அந்த ஆண்டிலேயே புரூக் தம் அயலிலுள்ளோரைத் திரட்டி இரவுக் காவற்படை ஒன்றை அமைத்தார். அதற்கு அரசின் அங்கீகாரமும் ஆயுதமும் வேண்டுமென்று டப்ளினிலும் இலண்டனிலும் அதிகாரிகளை இடைவிடாது வற்புறுத்தினார். அவ்வாண்டின் இறுதியில் அல்ஸ்ரர் விசேட பொலிஸ் படை அமைந்தபோது, அவருடைய காவற்படை அதற்கு ஒரு முன்மாதிரியாய் இருந்தது. பெர்மனாவில் அப்படையின் தளபதியானார். 1921இல் அப்பணிக்காக அரச விருதும் பெற்றார்.

தம் மக்களின் வீடுகளைக் காத்தவர் என்ற நன்றியுணர்ச்சி அன்றே அவர்களுள்ளத்திற் பதிந்தது. ஆனால் விசேட பொலிஸ் படை ஏறக்குறைய முற்றிலும் புரட்டஸ்தாந்தர் படையாகவே இருந்தது. இரவில் வீதியை மறித்து நிற்கும் அயலவனைக் கண்டு ஒரு வீட்டார் நிம்மதியாக உறங்கினர். அவனையே கண்டு அடுத்த வீட்டார் கதவைத் தாழிட்டனர்.

ஆறு மாவட்டங்கள்

1920ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டம் தீவை இரண்டாகப் பிரித்தது. வடக்கே ஆறு மாவட்டங்கள் தனியாட்சி பெற்றன. 1921 யூனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பெல்பாஸ்ற் நகருக்கு வந்து அதன் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தார். ஆறு மாவட்டங்களையும் ஒருங்கே கணக்கிட்டால் மூவரில் இருவர் புரட்டஸ்தாந்தர்; ஒருவர் கத்தோலிக்கர். ஆனால் பெர்மனாவிலும் ரைரோனிலும் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். பெர்மனா மாவட்ட சபை 1921இன் இறுதியில் டப்ளினிலுள்ள ஐரிஷ் மன்றத்துக்கே தன் விசுவாசத்தை அறிவித்தது. பெல்பாஸ்ற் அரசாங்கம் அச்சபையைக் கலைத்தது. அடுத்த ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல்களில் விகிதாசார முறை ஒழிக்கப்பட்டு, வட்டாரங்களின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. அதன்பின் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த பெர்மனாவில், ஐக்கியவாதிகள் பெரும்பான்மையாயமர்ந்த சபை பல்லாண்டு நீடித்தது.

இவ்விடத்தில் நம் வாசகர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மேற்கூறிய 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, எம்மதத்தையும் தடுக்கவோ, ஒரு மதத்தார்க்குச் சலுகையளிக்கவோ, மத நம்பிக்கை காரணமாக ஒருவர்க்கு இடர் விளைக்கவோ கூடிய சட்டத்தை வட அயர்லாந்துப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று விதித்தது. இலங்கையின் சோல்பரி அரசியற்றிட்டத்திலிருந்த 29ஆவது பிரிவின் வாசகத்தை அறிந்தோர் அதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை உடனே காண்பர். பெல்பாஸ்ற் அரசாங்கம் அப்பிரிவை வெளிப்படையாக மீறவேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படவில்லை. எவருக்கு வேலை, எவருக்கு வீடு, எந்தத் தெரு எந்த வட்டாரத்தோடு சேரும் என்பனவெல்லாம் சட்டப் புத்தகத்தில் எழுதப்படும் விடயங்கள் அல்ல. அவை மாவட்ட சபைகளின் மேசைகளில் அமைதியாகத் தீர்க்கப்பட்டன.

1933ஆம் ஆண்டுப் பேச்சு

புரூக் 1921இல் வட அயர்லாந்துச் செனற் சபைக்குத் தெரிவானார். விசேட பொலிஸ் படையின் பணிக்காக மறு ஆண்டே அப்பதவியைத் துறந்தார். 1929இல் லிஸ்னஸ்கீ தொகுதியிலிருந்து மக்கள் சபைக்குச் சென்றார். அத்தொகுதி 1968 வரை அவரிடமே இருந்தது.

1933 யூலை 12ஆம் திகதி, ஓறேஞ்ச் சங்கத்தாரின் பெருவிழா நாளன்று, நியூட்டவுன்பட்லர் என்னுமிடத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவு அவர் பெயரைத் தீவெங்கும் பரப்பியது. புரட்டஸ்தாந்த முதலாளிகள் கத்தோலிக்கரை வேலைக்கு அமர்த்தக்கூடாது, தம்மவர்க்கே வேலை கொடுக்கவேண்டும் என்றார். தம் வளவில் ஒரு கத்தோலிக்கரும் வேலை செய்யவில்லை என்று பெருமையோடு கூறினார். கத்தோலிக்கர் இவ்வரசை உள்ளிருந்தே அழிக்க முயல்பவர்கள் என்பது அவர் கூறிய காரணம். வாய்தவறி வந்த சொற்களென்று அவற்றைத் தள்ளிவிட முடியாது. அடுத்த ஆண்டும் அதே கருத்தை வேறு மேடையிற் கூறினார். பாராளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வியெழுந்தபோது, பிரதம மந்திரி கிரேகாவன் பிரபு அவரைக் கண்டிக்கவில்லை; தம் அரசாங்கமும் அவரோடு நிற்கிறது என்றே தெரிவித்தார். அந்தப் பேச்சு நிகழ்ந்த அதே ஆண்டின் இறுதியில் புரூக் கமத்தொழில் மந்திரியானார்.

1920களின் கலவரக் காலத்தில் தம் மூத்த மகனைக் கடத்திச் செல்லச் சதி நடந்ததென்றும், அதனாலேயே கத்தோலிக்க வேலையாட்களை விலக்கியதாகவும் பிற்காலத்தில் அவர் விளக்கமளித்தார். ஒரு தந்தையின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் அச்சங்கொண்ட தந்தை தன் வீட்டு வாயிலிற் காவல் வைப்பது ஒன்று. அவ்வச்சத்தையே நாட்டின் விதியாக்கி, மூவரில் ஒருவரைச் சந்தேகத்துக்குரியவராக அறிவிப்பது மற்றொன்று. போர்க்களத்தில் எதிரி யார் என்பதைச் சீருடை காட்டும். ஊரிற் சீருடை இல்லை. ஆகவே மதமே சீருடையாயிற்று.

தீயணைத்த ஓர் இரவு

அவர் நல்ல கமத்தொழில் மந்திரி என்பதை எதிர்க்கட்சியாரும் மறுக்கவில்லை. பன்றி, பால் முதலியவற்றின் விற்பனையை ஒழுங்குபடுத்தினார். இரண்டாம் மகாயுத்தம் வந்தபோது புல்வெளிகளை உழுது தானியம் விளைக்கச் செய்தார். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வர்த்தக மந்திரிப் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவ்வாண்டு ஏப்பிரில் 15ஆம் திகதி இரவு ஜேர்மனிய விமானங்கள் பெல்பாஸ்ற் நகரின்மீது குண்டுமாரி பொழிந்தன. அன்றிரவு மட்டும் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். நகரின் தீயணைப்புப் படையால் நெருப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை. விடியற்காலை நான்கு மணியளவிற் பொதுப் பாதுகாப்பு மந்திரி மக்டேமற் தொலைபேசியிற் புரூக்கை அழைத்து, எல்லைக்கு அப்பாலுள்ள டி வலேரா அரசிடம் தீயணைப்பு வண்டிகளைக் கேட்கலாமா என்று வினவினார். புரூக் தயங்கவில்லை; இது காலத்தின் தேவை என்று உடனே சம்மதம் கொடுத்தார். டப்ளின், டுண்டோக், துரோகடா, டன் லேரி ஆகிய நகரங்களிலிருந்து 13 வண்டிகள் எல்லை தாண்டி வந்தன. யுத்தத்தில் நடுநிலை வகித்த நாட்டின் கத்தோலிக்கத் தொழிலாளர், பிரித்தானிய முடிக்குரிய நகரின் புரட்டஸ்தாந்தத் தெருக்களில் நின்று தீயணைத்தனர்.

இவர் வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இந்த இரவுதான். தேவை நேரிட்டபோது, எல்லை வெறுங் கோடேயன்றி மதிலன்று என்பதை ஒரு நொடியில் உணர்ந்து செயற்பட அவரால் முடிந்தது. பொழுது விடிந்து நெருப்பு அவிந்தபின் அது மீண்டும் மதிலாயிற்று. பிரதம மந்திரியாயிருந்த 20 ஆண்டுகளிலும் டப்ளின் அரசின் தலைவரை அவர் ஒருமுறையேனும் அரசுமுறையிற் சந்தித்துப் பேசவில்லை.

பிரதம மந்திரி

1940இற் கிரேகாவன் பிரபு இறந்தபின் பதவிக்கு வந்த அன்றூஸ் தம் கட்சியாரின் நம்பிக்கையை இழந்தார். 1943 மே மாதத்திற் புரூக் பிரதம மந்திரியானார். அவ்வாண்டே அவருடைய மூத்த மகன் யுத்தத்தில் உயிரிழந்தான். 1945இல் மற்றொரு மகனும் மாண்டான். மூன்று புதல்வரில் இருவரை நாட்டுக்குக் கொடுத்த தந்தை, தம் துயரத்தை அரசியல் மேடைக்குக் கொண்டுவராமல் கடமையைத் தொடர்ந்தார். இந்த நிதானத்தைப் போற்றாதிருக்க முடியாது.

யுத்தத்தின் பின் இலண்டனில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு பெரும் சமூக சேவைத் திட்டங்களைக் கொணர்ந்தது. இலவச வைத்திய சேவை, முதியோர்க்கும் வேலையற்றோர்க்கும் உதவி, குடும்பப் படி, யாவர்க்கும் இடைநிலைக் கல்வி ஆகியன அவை. ஐக்கியவாதக் கட்சியின் செல்வந்தர் பலர் இவற்றைச் சோசலிசம் என்று வெறுத்தனர். இலண்டனின் பிடியிலிருந்து விலகிக் குடியேற்ற நாட்டு அந்தஸ்துக் கேட்கலாம் என்று கூடச் சிலர் பேசினர். புரூக் அவர்களுக்கு இணங்கவில்லை. பிரித்தானியத் தொழிலாளி பெறும் உதவியை அல்ஸ்ரர்த் தொழிலாளியும் பெறுவதே இணைப்பின் பயன் என்று வாதாடித் தம் கட்சியைத் தம் வழிக்குக் கொணர்ந்தார். இத்திட்டங்களால் கத்தோலிக்க ஏழைகளும் பயனடைந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை செல்லும் வழி 1947ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் திறந்தது.

1948இல் டப்ளின் அரசு குடியரசாகும் தன் முடிவை அறிவித்தது. புரூக் இலண்டனுக்குச் சென்று உறுதிமொழி கேட்டார். 1949ஆம் ஆண்டு அயர்லாந்துச் சட்டம், வட அயர்லாந்துப் பாராளுமன்றத்தின் சம்மதமின்றி அந்நாடு பிரித்தானியாவிலிருந்து பிரிக்கப்படமாட்டாது என்று விதித்தது. எல்லைக் காவலர்க்கு இதனினும் பெரிய வெற்றி வேறில்லை. 1952இல் விஸ்கவுன்ற் பட்டம் வந்தது.

சொந்த அணியின் முன்னே

இங்கேதான் நான் தொடக்கத்திற் கூறிய வேறுபாடு வெளிப்படுகிறது. எல்லை சட்டத்தால் உறுதியாயிற்று. நலன்புரி அரசால் மக்கள் மனமும் சற்று இளகியிருந்தது. தம் ஆட்சிக்குட்பட்ட கத்தோலிக்கரை அணைத்துக்கொள்வதற்கு இதனினும் தக்க வேளை அமையாது. அதைச் செய்ய முனைந்தோர் அவருடைய கட்சியிலேயே சிலர் இருந்தனர்.

கல்வி மந்திரி ஹோல்-தொம்சன் அவர்களுள் ஒருவர். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கான அரச உதவியை உயர்த்தியவர் அவரே. அச்சட்டம் நிறைவேறும்வரை புரூக் அவருக்குத் துணை நின்றார். 1949இல் அப்பாடசாலைகளின் ஆசிரியர்களுக்குரிய காப்புறுதிப் பணத்தில் ஒரு பகுதியை அரசு செலுத்தலாம் என்று அம்மந்திரி முன்வந்தபோது ஓறேஞ்ச் சங்கம் சீறியெழுந்தது. பிரதம மந்திரி சங்கத்தின் பேரவைக்குத் தாமே சென்று சமாதானம் பேசினார். முடிவில் ஹோல்-தொம்சன் பதவி விலகினார், சங்கம் அமைதியடைந்தது. 1954இற் கொடிகள், சின்னங்கள் பற்றிய சட்டம் வந்தது. பிரித்தானியக் கொடியை ஒருவர் தம் காணியில் ஏற்றுவதைத் தடுப்பது குற்றமாக்கப்பட்டது; கலகம் விளைவிக்கும் எனத் தோன்றும் பிற கொடிகளை அகற்றும் அதிகாரம் பொலிசாருக்கு வழங்கப்பட்டது. 1959இல் கத்தோலிக்கரையும் கட்சியில் அங்கத்தவராகச் சேர்க்கலாமென்று கட்சிப் பிரமுகர் சிலர் கூறினர். ஓறேஞ்ச் சங்கத் தலைவர் மறுத்தார்; பிரதம மந்திரி அம்மறுப்பின் பக்கமே நின்றார்.

உள்ளூராட்சியில் வீட்டுக்கு உரியவர்க்கும் அவர் துணைவிக்குமே வாக்குரிமை என்ற பழைய விதி, இங்கிலாந்தில் ஒழிந்த பின்னும் வட அயர்லாந்தில் 1969 வரை நிலைத்தது. எனவே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு கொடுப்பது எதிரணிக்கு இரண்டு வாக்குக் கொடுப்பதாயிற்று. வீடு வேண்டிக் காத்திருந்த இளந் தம்பதிகள் பலரின் ஏக்கத்துக்குப் பின்னே இக்கணக்கு இருந்தது. அரசு 1969இல் நியமித்த கமரன் விசாரணைக் குழு பெர்மனாவிற் கண்டதை இங்கே குறிப்பிடலாம். அம்மாவட்டத்திற் பாடசாலைப் பஸ் சாரதிகள் ஏறத்தாழ 75 பேர். அவர்களுட் கத்தோலிக்கர் ஏழு பேருக்கு மேல் இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கராய் வாழ்ந்த மாவட்டம் அது.

புரூக்பரோ பிரபு கட்சியைத் தம் வழிக்குக் கொணர இயலாதவர் அல்லர். நலன்புரித் திட்டங்களின்போது செல்வந்தரை எதிர்த்து நின்று வென்றதே அதற்குச் சான்று. ஆகவே மற்ற விடயத்தில் அவர் நில்லாதது இயலாமையால் அன்று. தம் பின்னே அணிவகுத்து நின்றோரின் முகஞ் சுளிக்கும் காரியத்தைச் செய்யலாகாது என்பது படைவீரனின் பண்பு. அணி குலைந்தால் கோட்டை விழும் என்றே அவர் கற்றிருந்தார். பகைவர் குண்டுக்கு முன் நிமிர்ந்து நின்றவர், தம்மைப் பாராட்டும் கூட்டத்தின் முன் நிமிர்ந்து நிற்கவில்லை. இவ்விரண்டாவது துணிவுக்கு எந்த அரசும் பதக்கம் கொடுப்பதில்லை. அதனாலேதான் அது அரிதாயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லையிற் குண்டொலி

1956 டிசம்பரில் ஐரிஷ் குடியரசுப் படை எல்லைப்புறத் தாக்குதலைத் தொடங்கியது. 1957 தைமாதம் முதலாந் திகதி, பிரபுவின் குடும்பப் பெயரைத் தாங்கிய புரூக்பரோக் கிராமத்திலேயே பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. தாக்க வந்தோரில் இரு இளைஞர் மாண்டனர். பிரபுவின் அரசாங்கம் பலரை விசாரணையின்றித் தடுத்து வைத்தது. டப்ளின் அரசும் தன் பக்கத்தில் அவ்வாறே செய்தது. வடபகுதிப் பொலிசார் ஆறு பேர் இத்தாக்குதல்களில் உயிரிழந்தனர். எனினும் கத்தோலிக்க மக்கள் இப்போரில் திரண்டெழவில்லை. ஆதரவின்றி 1962 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டது. தம் மக்களாகிய கத்தோலிக்கர் வன்முறையின் பின்னே செல்லவில்லை என்ற உண்மை, 1933இற் பேசியவரின் கண்முன்னே தெளிவாய் நின்றது. அதற்கு ஈடாக அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆட்சியின் இறுதியில் அவரை அசைத்தது எல்லையன்று, வேலையில்லாத் திண்டாட்டமே. லினன் ஆலைகள் மூடப்பட்டன. பெல்பாஸ்ற் கப்பற்றுறைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். புரட்டஸ்தாந்தத் தொழிலாளரே கட்சியை விட்டு விலகத் தொடங்கினர். 1958இலும் 1962இலும் தொழிற்கட்சி பெல்பாஸ்ற்றில் நான்கு ஆசனங்களை வென்றது. நாட்டைத் திட்டமிட்டு நடத்தாமல் வேட்டையிலும் மீன்பிடியிலும் பொழுதுபோக்குகிறார் என்ற குறைகூறலும் எழுந்தது. 1963 மார்ச்சில், 74ஆவது வயதில், சுகவீனங் காரணமாகப் பதவி துறந்தார். ரெறன்ஸ் ஓ நீல் அடுத்து வந்தார்.

மாலைப்பொழுது

1965 தைமாதத்தில் ஓ நீல், டப்ளின் பிரதம மந்திரி லெமாசைப் பெல்பாஸ்ற் நகருக்கு அழைத்து விருந்தளித்தார். முதிய பிரபு அதை விரும்பவில்லை. அதே ஆண்டில் அவருக்குக் கார்ட்டர் வீரர் என்ற மிக உயர்ந்த பட்டம் கிடைத்தது. 1968இல் பாராளுமன்றத்தை விட்டு விலகி, லிஸ்னஸ்கீ தொகுதியைத் தம் எஞ்சிய மகன் ஜோனிடம் விட்டார்.

அதே ஆண்டு ஒக்டோபரில் டெறி நகரில் குடியுரிமை கோரி ஊர்வலம் வந்தோரைப் பொலிசார் அடித்துக் கலைத்தனர். ஊர்வலத்தினர் எல்லையை அழிக்கக் கேட்கவில்லை. வீடு, வேலை, ஆளுக்கொரு வாக்கு என்பவற்றையே கேட்டனர். அவர்களிற் பலர் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தாற் படித்து முன்னேறிய தலைமுறையினர். பிரபுவின் ஆட்சி அவர்களுக்குக் கல்வியைக் கொடுத்தது. கற்றவர்க்குரிய இடத்தைக் கொடுக்க மறந்தது. 1969இற் பிரித்தானியத் துருப்புகள் தெருவுக்கு வந்தன. 1970இல் அவர் வளர்த்த விசேட பொலிஸ் படை கலைக்கப்பட்டது. 1972 மார்ச்சில் இலண்டன் அரசு வட அயர்லாந்துப் பாராளுமன்றத்தை நிறுத்தி வைத்தது. 1973 யூலையில் அது சட்டப்படி ஒழிந்தது. ஒரு மாதத்தின் பின், ஓகஸ்ட் 18ஆம் திகதி, 85 வயதிற் புரூக்பரோ பிரபு மறைந்தார். தாம் வாழ்நாளெல்லாம் காத்த மன்றம் தமக்கு முன்னே மறைவதைக் கண்ட பின்பே அவர் கண்மூடினார். அக்கலவரம் மொத்தமாக மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பின்னரே, 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு, அங்கே இரு சாராரும் கூடி ஆளும் வழி பிறந்தது. 2024 பெப்ரவரியில் ஐரிஷ் தேசியவாதி ஒருவர் முதன்முறையாக அவ்வரசின் முதலமைச்சரானார்.

இவரைக் கொடியவர் என்று ஒரு சொல்லால் ஒதுக்குவது எளிது. வீரர் என்று ஒரு சொல்லாற் போற்றுவதும் எளிது. அவர் தம் மக்களை நேசித்தார். அவர்களுக்காகத் தம்மையும் தம் மக்களையும் கொடுத்தார். ஆனால் தம் மக்கள் என்ற சொல்லின் எல்லையை அவர் ஊர் எல்லையளவுக்குக் கூட விரிக்கவில்லை. எல்லைக்கு வெளியே பகையைத் தேடிக் காவல் நின்றவர்க்கு, மதிலின் உட்புறத்தே நின்று ஒரு வீடு, ஒரு வேலை என்று கேட்டவனின் குரல் முற்றுகையிட்டவனின் குரலாகவே கேட்டது. பல இனமும் பல மதமும் கலந்து வாழும் நாடுகளில் ஆட்சிப் பொறுப்பேற்போர் எவராயினும், புரூக்பரோ பிரபுவின் வாழ்க்கையை ஒருமுறை படிப்பது நன்று. இவரிடம் இருந்த நற்குணங்களெல்லாம் தம்மிடம் உண்டா என்று முதலில் அவர்கள் பார்க்கட்டும். பின்னர், அவை மட்டும் போதுமா என்றும் பார்க்கட்டும்.